எடை போடாத நெல்லும் எண்ணிப் பார்க்காத வாக்கும்



கொள்முதல் நிலையத்துக்கு நெல்லைக் கொண்டுபோகிறோம். களத்தில் கொட்டிவிட்டு நாலு நாள், அஞ்சு நாள் பனியிலும் மழையிலும் காவல் கிடக்கிறோம். நம்ம முறை வந்ததும் ஈரப்பதம் பார்க்கிறார்கள். 17 சதவீதத்துக்கு மேலே இருந்தால் "காயவச்சுக் கொண்டா" என்கிறார்கள். அப்புறம் தூற்றி, சாக்கில் பிடித்து, 40 கிலோ சிப்பமாக எடை வைக்கிறார்கள். தராசில் எண் சரியாக வருகிறதா என்று நாமும் குனிந்து பார்க்கிறோம். அரைக் கிலோ கூடப்போனாலும் விடமாட்டோம், சண்டைக்கு நிற்கிறோம்.

அந்த நேரத்தில் ஒரு ஆள் வந்து, "எடை எதுக்குப்பா? குவியலைப் பார்த்தாலே தெரியுது, முப்பது மூட்டைதான்" என்று சொல்லி அள்ளிக்கொண்டு போனால் சும்மா இருப்போமா? ஊரே திரண்டுவிடாதா?

நெல்லுக்கே இவ்வளவு பார்க்கிற நாம், அந்த நெல்லை யார் வாங்குவது, என்ன விலைக்கு வாங்குவது, அது விளைகிற நிலம் யாருக்கு என்று தீர்மானிக்கிற சட்டங்களை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தோமா? எடை போடாமல் போட்டார்கள் தோழர்களே! எண்ணிப் பார்க்காமல் போட்டார்கள்! பேசாமல் போட்டார்கள்! ஆனாலும் போட்ட சட்டத்தை ஊர் கூடி நின்று திரும்பப் பெற வைத்த கதையும் நம் காலத்திலேயே நடந்திருக்கிறது. இரண்டையும் சொல்லத்தான் இந்தத் துண்டறிக்கை. படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

டெல்லியில் நடந்தது என்ன?

2020 ஜூன் 5. கொரோனா காலம். நாலு பேர் கூடக் கூடாது, கூட்டம் போடக் கூடாது என்று நாடே அடங்கிக் கிடந்த நேரத்தில் விவசாயிகள் பேரைச் சொல்லி மூன்று அவசரச் சட்டங்களை மத்திய அரசு கொண்டுவந்தது. எந்த விவசாய சங்கம் கேட்டது? யாரும் கேட்கவில்லை. எந்த மாநிலத்தைக் கலந்தார்கள்? விவசாயமும் சந்தையும் மாநிலப் பட்டியலில் இருக்கிற விஷயம் என்பதைக்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

சட்டத்தில் என்ன இருந்தது? ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு வெளியே பான் கார்டு வைத்திருக்கிற எவரும் நம் விளைச்சலை வாங்கலாம் என்றது ஒன்று. கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுச் சாகுபடி செய்யலாம் என்றது இன்னொன்று. சரி, வாங்கியவன் பணம் தராமல் போனால்? ஒப்பந்தம் போட்டவன் "தரம் சரியில்லை" என்று கைவிரித்தால்? சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது. கோட்டாட்சியர் ஆபீஸ் வாசலில்தான் போய் நிற்கணும்! பட்டா மாறுதலுக்கே எத்தனை நடை நடக்கிறோம் என்று நமக்குத் தெரியாதா? மூன்றாவது சட்டம் பதுக்கலுக்குக் கதவைத் திறந்தது. தானியம், பருப்பு, எண்ணெய் விலை 50 சதவீதம் ஏறினால்தான், காய்கறி, பழம் விலை 100 சதவீதம் ஏறினால்தான் இருப்புக்குக் கட்டுப்பாடு விதிக்க முடியும் என்றது. விற்கிறபோது நமக்கு விலை இல்லை, வாங்கித் தின்கிறபோது விலை இரண்டு மடங்கு!

இந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். அதைப் பேசத்தானே நாடாளுமன்றம்? 2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை. மாநிலங்களவையில் முதல் இரண்டு மசோதாக்களும் வந்தன. தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அனுப்பவில்லை. சரி, வாக்கையாவது எண்ணுங்கள் என்று கேட்டார்கள். எண்ணவில்லை. குரல் வாக்கெடுப்பு என்று சொல்லி முடித்தார்கள்.

குரல் வாக்கெடுப்பு என்றால் என்ன? ஆதரிக்கிறவர்கள் "ஆம்" என்பார்கள், எதிர்க்கிறவர்கள் "இல்லை" என்பார்கள். எந்தச் சத்தம் பெரிது என்று அவையை நடத்துகிறவர் காதால் கேட்டுச் சொல்வார். ஒரு உறுப்பினர் அதை ஒப்புக்கொள்ளாமல் கேட்டால், எண்ணித்தான் ஆகவேண்டும் என்பது அவையின் விதி. அன்றைக்கு அவையில் ஒரே கூச்சல், குழப்பம். உறுப்பினர்கள் தங்கள் இருக்கையில் இருந்து கேட்கவில்லை என்று அவையை நடத்திய துணைத் தலைவர் ஹரிவன்ஷ் பிறகு விளக்கம் சொன்னார். இருக்கையில் இருந்துதான் கேட்டோம் என்றார்கள் எதிர்க்கட்சி உறுப்பினர்கள். நாம் கேட்கிறோம்: குழப்பமாக இருந்தால் அரை மணி நேரம் அவையை ஒத்திவைத்துவிட்டு, எல்லோரையும் உட்காரவைத்து எண்ணினால் என்ன குறைந்துவிடும்? மழை வந்தால் எடையை நிறுத்திவைத்து, மழை விட்டதும் போடுகிறோமே! மழை வந்தது என்பதற்காக எடை போடாமலேயே நெல்லை எடுப்பார்களா? அடுத்த நாள் எட்டு உறுப்பினர்களை அவையைவிட்டு இடைநீக்கம் செய்தார்கள். செப்டம்பர் 22-இல் மூன்றாவது மசோதாவும் நிறைவேறியது.

எண்ணியிருந்தால் மசோதா தோற்றிருக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஜெயித்தே இருக்கலாம். ஆனால் எண்ணினால் பெயர் பதிவாகும். நம்ம மாநிலத்து உறுப்பினர் எந்தப் பக்கம் நின்றார் என்று எழுத்தில் இருக்கும். நாளைக்கு ஊருக்கு வரும்போது "ஏங்க, நீங்கதானே அன்னைக்குக் கை தூக்கினீங்க?" என்று கேட்க நம் கையில் ஒரு ஆதாரம் இருக்கும். குரல் வாக்கெடுப்பில் சத்தம்தான் இருக்கும், ஆள் இருக்கமாட்டான். நம்ம கைக்கு வரவேண்டிய சீட்டைத்தான் அன்றைக்குக் கிழித்துப் போட்டார்கள்.

எண்ணாத வாக்குக்கு யார் விலை கொடுத்தார்கள்?

விவசாயிகள் கொடுத்தார்கள்! சபைக்குள்ளே பேசவேண்டிய பேச்சை ரோட்டில் உட்கார்ந்து பேசவேண்டி வந்தது. 2020 நவம்பர் 26 அன்று பஞ்சாப், ஹரியானா விவசாயிகள் டெல்லியை நோக்கிப் புறப்பட்டார்கள். வழியில் ரோட்டைத் தோண்டினார்கள், குளிரில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள், கண்ணீர்ப்புகை வீசினார்கள். சிங்கு, டிக்ரி, காஜிபூர் எல்லைகளில் டிராக்டர் டிரெய்லரையே வீடாக்கிக் கொண்டு ஒரு குளிர்காலம், ஒரு கோடைகாலம், ஒரு மழைக்காலம் முழுக்க இருந்தார்கள். 700-க்கும் மேற்பட்டோர் அந்தப் போராட்டக் காலத்தில் உயிரிழந்தார்கள் என்று விவசாய அமைப்புகள் கணக்கு சொல்கின்றன. 2021 அக்டோபர் 3-இல் உத்தரப்பிரதேசம் லக்கிம்பூர் கேரியில் போராடிவிட்டுத் திரும்பிய விவசாயிகள் மேல் வாகனம் ஏறியது. அன்றைக்கு அங்கே நடந்ததில் நாலு விவசாயிகள் உட்பட எட்டுப் பேர் செத்தார்கள்.

அவர்களும் தவறே செய்யாதவர்கள் இல்லை. 2021 ஜனவரி 26 அன்று செங்கோட்டையில் நடந்த கலவரத்தால் போராட்டத்துக்குக் கெட்ட பெயர் வந்தது. இதோடு முடிந்தது என்றார்கள். முடியவில்லை. தலைவர்கள் அந்தத் தவறை ஒப்புக்கொண்டு, அமைதியாக இருந்து, மறுபடி ஊர் ஊராகப் பஞ்சாயத்துக் கூட்டி ஆள் சேர்த்தார்கள்.

2021 நவம்பர் 19 அன்று பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி மூன்று சட்டங்களையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நவம்பர் 29-இல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் ரத்து மசோதா நிறைவேறியது. அதுவும் எப்படி? விவாதம் இல்லாமல்! நமக்குச் சாதகமான காரியம்தான். இருந்தாலும் சொல்கிறோம், அதையும் பேசியிருக்க வேண்டும். ஏன் கொண்டுவந்தோம், எங்கே தப்பு நடந்தது, செத்தவர்கள் குடும்பத்துக்கு என்ன செய்யப்போகிறோம் என்று பேசியிருக்க வேண்டும். போடும்போதும் பேசவில்லை, எடுக்கும்போதும் பேசவில்லை என்றால் சபை எதற்கு?

பேசாததன் பலனைப் பிறகு பார்த்தோம். குறைந்தபட்ச ஆதரவு விலைக்குக் குழு போடுகிறோம் என்று எழுத்துமூலம் வாக்குறுதி கொடுத்தார்கள். குழு 2022 ஜூலையில்தான் வந்தது. விலைக்குச் சட்ட உத்தரவாதம் கேட்டு 2024 பிப்ரவரியில் பஞ்சாப் விவசாயிகள் மறுபடியும் டிராக்டரை எடுக்கவேண்டியதாயிற்று.

மேலூருக்கு வந்த சட்டம்

"இதெல்லாம் வடக்கே நடக்கிறது, நமக்கென்ன?" என்று சொல்லக் கூடும். நம்ம மதுரை ஜில்லா மேலூருக்கு வாருங்கள்.

2023 ஜூலை 28. மணிப்பூர் பிரச்சினைக்காக நாடாளுமன்றம் அமளியில் கிடந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவே, உருப்படியான விவாதம் இல்லாமல், சுரங்கம் மற்றும் கனிமச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் மக்களவையில் நிறைவேறியது. ஆகஸ்ட் 2-இல் மாநிலங்களவையும் முடித்துவிட்டது. அந்தத் திருத்தத்தின்படி டங்ஸ்டன் உள்ளிட்ட 24 முக்கிய கனிமங்களை ஏலம் விடுகிற அதிகாரம் மாநிலத்தின் கையிலிருந்து மத்திய அரசின் கைக்குப் போனது.

பதினைந்து மாதம் கழித்து, 2024 நவம்பர் 7 அன்று, டெல்லியிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் வட்டாரம் ஏலம் போய்விட்டது! அளவு எவ்வளவு? சுமார் 2,015 ஹெக்டேர். ஏறக்குறைய 5,000 ஏக்கர்! அரிட்டாபட்டி, வல்லாளப்பட்டி, நாயக்கர்பட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி என்று வயலும் கண்மாயும் மலையும் கோவிலும் உள்ள ஊர்கள். அரிட்டாபட்டி சமணர் படுகையும் குடைவரைக் கோவிலும் உள்ள ஊர். 2022 நவம்பரில்தான் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அரசே அறிவித்திருந்தது. இரண்டு வருசத்தில் அதையும் சேர்த்து ஏலத்தில் வைத்தார்கள்.

யார் பொறுப்பு என்று கேட்டால் இவர் அவரைக் காட்டினார், அவர் இவரைக் காட்டினார். 2023 அக்டோபரிலேயே எதிர்த்துக் கடிதம் எழுதிவிட்டோம் என்றது மாநில அரசு. ஏலம் முடிகிறவரை மாநிலம் ஆட்சேபம் சொல்லவில்லை என்றது மத்திய அரசு. நாடாளுமன்றத்தில் யார் ஆதரித்தது, யார் எதிர்த்தது என்று கட்சிக்குக் கட்சி சண்டை. பார்த்தீர்களா? எண்ணிப் பார்த்து, பெயர் பதிந்து, பேசி நிறைவேற்றியிருந்தால் இந்தச் சண்டைக்கே இடமிருந்திருக்காது.

மேலூர் சனங்கள் இந்தச் சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. நவம்பர் 23 கிராமசபையில் ஊர் ஊராகத் தீர்மானம் போட்டார்கள். கட்சியைப் பார்க்கவில்லை, சாதியைப் பார்க்கவில்லை, பெண்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். வியாபாரிகள் கடையை அடைத்து ஆதரவு கொடுத்தார்கள். அந்தத் தீர்மானங்களின் சூடு சென்னைக்குப் போனது. 2024 டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை, சுரங்க உரிமையை ரத்து செய்யவேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கில் சனங்கள் திரண்டு போனார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று மத்திய சுரங்க அமைச்சகம் அறிவித்தது!

கிராமசபை பேசியது, சட்டசபை பேசியது, டெல்லி கேட்டது. ஜனநாயகம் என்றால் இதுதான். கீழேயிருந்து மேலே போகணும். நம் ஆட்கள் அதை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். எங்களுக்கு நம்பிக்கை எங்கேயிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். எந்தத் தலைவர் படத்திலிருந்தும் வரவில்லை, மேலூர் கிராமசபைப் பதிவேட்டில் இருக்கிற கையெழுத்திலிருந்து வருகிறது.

நம்ம சட்டசபை மட்டும் சுத்தமா?

டெல்லியை மட்டும் திட்டிவிட்டுப் போனால் அது நேர்மை இல்லை. 2023 ஏப்ரல் 21. தமிழ்நாடு சட்டப்பேரவைக் கூட்டத்தொடரின் கடைசி நாள். ஒரே நாளில் கொத்தாக மசோதாக்கள் நிறைவேறின. அதில் ஒன்று, வேலை நேரத்தை ஒரு நாளைக்கு 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்த தொழிற்சாலைச் சட்டத் திருத்தம். ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, திரும்பப் பெறப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். அதை வரவேற்றோம்.

அதே நாளில் விவாதம் இல்லாமல் நிறைவேறிய இன்னொன்று, சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்கு, அந்தப் பரப்புக்குள் வருகிற ஏரி, குளம், ஓடை, வாய்க்கால் உள்ள அரசு நிலங்களையும் சேர்த்துக் கொடுக்க வழிசெய்கிற சட்டம். கண்மாயும் வரத்துக்கால்வாயும் போனால் நம்ம நஞ்சை எது, புஞ்சை எது? அந்தச் சட்டம் திரும்பப் பெறப்படவில்லை. 2024 அக்டோபரில் நடைமுறைக்கும் வந்தது.

ஏன் ஒன்று போனது, ஒன்று வந்தது? தொழிலாளிகள் அன்றைக்கே கண்டுகொண்டார்கள், அதனால் அது போனது. நாம் கண்டுகொள்ளவில்லை, இது வந்தது. எங்கள் சங்கத்தின் தவறையும் மறைக்காமல் சொல்கிறோம். அந்த ஏப்ரல் மாதம் நாங்கள் உரத்துக்கும் கூட்டுறவுக் கடனுக்கும் மனு எழுதிக்கொண்டிருந்தோம். ஜூலையில் கனிமச் சட்டத் திருத்தம் வந்தபோது எங்களில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை. சபையில் இருக்கிறவர்கள் பேசாதது அவர்கள் குற்றம். பேசினார்களா என்று நாம் கேட்காதது நம்ம குற்றம்.

நாடாளுமன்றத்திலும் பேச்சு எப்படிக் குறைந்தது என்பதற்கு ஒரு கணக்கு. 2009 முதல் 2014 வரை இருந்த மக்களவைக் காலத்தில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்குப் போயின. 2019 முதல் 2024 வரை இருந்த மக்களவைக் காலத்தில் நூற்றுக்கு 16 மட்டும்! குழுவுக்குப் போனால் என்ன லாபம்? விவசாயியைக் கூப்பிட்டுக் கேட்பார்கள், மாநிலத்தைக் கேட்பார்கள், விவரம் தெரிந்தவர்களைக் கேட்பார்கள். விதை நெல்லை முளைப்புப் பார்க்காமல் விதைப்போமா? அந்த முளைப்புப் பரிசோதனைதான் குழு ஆய்வு. 2014-இல் கொண்டுவந்த நில எடுப்பு அவசரச் சட்டம் என்ன ஆனது? நில உடைமையாளர் சம்மதமும் சமூகத் தாக்க ஆய்வும் வேண்டாம் என்று பல திட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது அது. எதிர்ப்பு வந்தது, மசோதா கூட்டுக்குழுவுக்குப் போனது, 2015 ஆகஸ்ட் 31-இல் அவசரச் சட்டம் காலாவதியானது. 2013 சட்டத்தின் சம்மதப் பிரிவு பிழைத்தது. சபை தன் வேலையைச் செய்தால் நம்ம நிலம் பிழைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

சிலர் சொல்கிறார்கள்...

"எல்லாக் கட்சியும் ஒண்ணுதான், ஒண்ணும் ஆகாது" என்கிறார்கள். ஒன்றும் ஆகாது என்றால் 2015-இல், 2021-இல், 2025-இல் எப்படி ஆனது? "ஒன்றும் ஆகாது" என்று நாம் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியது.

"கொறடா உத்தரவு போட்டால் எங்களால் என்னங்க செய்ய முடியும்?" என்று சில உறுப்பினர்கள் நம்மிடமே கேட்கிறார்கள். 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி கட்சி உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகலாம், உண்மைதான். ஆனால் பேசினால் பதவி போகும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? கேள்வி கேட்கக் கூடாது என்று எங்கே இருக்கிறது? குழுவுக்கு அனுப்புங்கள் என்று கேட்க என்ன தடை? வாக்கு கொறடா கையில் இருக்கலாம் அய்யா, வாய் உங்களுடையதுதானே!

"இவர்கள் வளர்ச்சிக்கு விரோதிகள்" என்கிறார்கள். ரோடு வேண்டாம் என்றோமா? பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வேண்டாம் என்றோமா? எங்கள் நிலத்தை எடுப்பதற்கு முன்னால் எங்களைக் கேளுங்கள் என்றோம். கேட்பது விரோதம் என்றால் தேர்தல் நேரத்தில் எங்கள் வாசலுக்கு வந்து ஓட்டுக் கேட்பது என்ன?

இன்னொன்று, நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டியது. ஓட்டுக்குப் பணம் வாங்கினால் பிறகு வாயைத் திறக்க முடியுமா? கிராமசபைக்குப் போகாமல், வீட்டுக்கு வந்த பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு அந்தக் கையெழுத்துக்கு மேலே என்ன எழுதினார்கள் என்று நமக்குத் தெரியுமா? வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்த நம்ம பாட்டன் காலத்துக் கதைகளை மறந்துவிட்டோமா?

சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களே, நாங்கள் கேட்பது இவைதான்

1. நிலம், நீர், விதை, விளைபொருள் சம்பந்தமான எந்த மசோதாவையும் குழு ஆய்வு இல்லாமல் நிறைவேற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள். அவையில் எழுந்து நின்று கேளுங்கள். உங்கள் பேச்சு அவைக் குறிப்பில் ஏறட்டும்.

2. அப்படிப்பட்ட மசோதாவுக்குக் குரல் வாக்கெடுப்பு வேண்டாம், எண்ணிக்கை வேண்டும் என்று கேளுங்கள். ஆதரித்தாலும் சரி, எதிர்த்தாலும் சரி, உங்கள் பெயர் எங்களுக்குத் தெரியவேண்டும்.

3. மசோதாவின் வரைவை 30 நாள் முன்னதாக மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும் என்று 2014 பிப்ரவரியில் மத்திய அரசே முடிவு செய்தது. அதை நடைமுறைப்படுத்தச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசும் அப்படியே செய்யவேண்டும். தமிழில் அச்சடித்து ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டவேண்டும்.

4. கூட்டத்தொடரின் கடைசி நாளில் மசோதாக்களை மூட்டை மூட்டையாக அவிழ்க்கிற பழக்கத்தை நிறுத்துங்கள். ஆண்டுக்கு 100 நாளாவது சட்டசபை கூடவேண்டும். முழுவதையும் நேரடியாக ஒளிபரப்பவேண்டும்.

5. உள்ளாட்சித் தேர்தலை உரிய காலத்தில் நடத்தவேண்டும். பதவிக்காலம் முடியும் முன்னே தேர்தல் வைக்கவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு சொல்கிறது. 2016-இல் நடக்கவேண்டிய தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபர் வரை இழுத்தார்கள். அந்த 27 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தபோதும் தேர்தல் இல்லை, தனி அலுவலர்தான் வந்தார். ஆண்டது எந்தக் கட்சியானாலும் இந்த வியாதி மட்டும் மாறவில்லை. தலைவர் இல்லாத ஊராட்சியில் யாரிடம் போய்க் கேட்பது?

6. நில ஒருங்கிணைப்புச் சட்டத்தைச் சட்டப்பேரவையில் மறுபடி எடுத்து விவாதியுங்கள். நீர்நிலைகளை அதிலிருந்து நீக்குங்கள்.

விவசாயப் பெருமக்களே, நாம் செய்யவேண்டியது

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருசத்துக்கு ஆறு நாள் கிராமசபைக்கு உண்டு. வேலைக்குப் போகிற நாள்தான், கூலி போகத்தான் செய்யும். ஆனாலும் வீட்டுக்கு ஒருவராவது போய் உட்காருங்கள். 2020 அக்டோபர் 2 அன்று வேளாண் சட்டங்களுக்கு எதிராகத் தீர்மானம் போடப் பல ஊர்களில் தயாராக இருந்தபோது, கொரோனாவைக் காரணம் காட்டிக் கிராமசபைகளையே ரத்து செய்தார்கள். பலம் இல்லாத ஒன்றை யாராவது ரத்து செய்வார்களா? அதன் பலம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை.

வரும் கிராமசபையில் இந்தத் தீர்மானத்தை வையுங்கள்: "எங்கள் நிலத்தையும் நீரையும் விளைச்சலையும் பாதிக்கும் எந்தச் சட்டத்தையும் விவாதம் இல்லாமலும் வாக்குகளை எண்ணாமலும் நிறைவேற்றக் கூடாது என்றும், எங்கள் தொகுதியின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அவையில் வலியுறுத்த வேண்டும் என்றும் இக்கிராமசபை கேட்டுக்கொள்கிறது." தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போடுங்கள். நகல் கேட்டு வாங்குங்கள். ஒரு நகலை எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு நகலை எம்.பி.க்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். சிட்டா அடங்கல் வைத்திருக்கிற பெட்டியிலேயே வையுங்கள், இதுவும் நிலத்துக்கான பத்திரம்தான்!

அவர்கள் ஊருக்கு வரும்போது மாலை போடுங்கள், தப்பில்லை. போட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அய்யா, எங்க தீர்மானம் வந்துச்சா? நீங்க சபையில என்ன பேசினீங்க?" மரியாதையோடு கேளுங்கள். ஆனால் பதில் வருகிறவரை விடாதீர்கள். நூறு ஊரில் இதே கேள்வியைக் கேட்டால் நூற்றியோராவது ஊருக்குப் போகும் முன்னே அவர் சபையில் பேசிவிட்டு வருவார்.

டெல்லி எல்லையில் உட்கார்ந்தவர்கள் நம்மைப் போன்ற விவசாயிகள்தான். மேலூரில் கூடியவர்கள் நம்மைப் போலக் கண்மாயை நம்பிப் பிழைக்கிறவர்கள்தான். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். சபை நாற்காலி அம்மியைவிடக் கனமில்லை!

எடை போடாமல் நெல்லைக் கொடுக்கமாட்டோம்!
எண்ணாமல் சட்டம் போட விடமாட்டோம்!
கிராமசபைக்குத் திரண்டு வாரீர்!

இவண்,
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
விவசாயிகள் சங்கம்